நடுநரம்பு

பிப்ரவரி 3

போட்டோகிராபி வகுப்பு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பைக் கொடுத்துவிட்டேன்: முகமும் இலையும். மார்ச் 14க்குள் 6 பிரின்ட். மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இலை எதுக்கு?" அழகாக இருக்கும் என்றேன். குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். நல்லதாக இருக்க வாய்ப்பில்லை.

அக்காவுக்கு முகத்தின் இடப்பக்கம் அசையவில்லை, இடது இமை தானாக மூடாது. ராத்திரி அந்தக் கண்ணுக்கு நான்தான் டேப் ஒட்டினேன். இமை மேல் ஒட்டாமல், ஓரத்தை மட்டும் பிடிக்கிற மாதிரி. மூன்று முறை பிய்த்து ஒட்ட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 5

தோழியை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன். இமைமேல் இதழ்கள், உதட்டோரம் ஒரு கொடி, நெற்றியில் பாசி. 84 படம். அவளே பார்த்துவிட்டு "சோப்பு கவர் மாதிரி இருக்குடீ" என்றாள்.

சரிதான். இலை அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. மேடம் கேட்டது இதைத்தான்.

பிப்ரவரி 6

தூக்கமில்லை, படித்துக்கொண்டிருந்தேன். முகத்தின் மேல் இலையை வைப்பதற்குப் பதில் இலையின் மேல் முகத்தை வைக்கலாம். அச்சடிக்க வேண்டியதில்லை, வெயிலே செய்யும். முகத்தை ஒளிபுகும் ஷீட்டில் எடுத்து, இலைமேல் வைத்து, கண்ணாடி போட்டு இறுக்கி, வெயிலில் விட்டுவிட வேண்டும். வெளிச்சம் பட்ட இடத்தில் பச்சையம் வெளுக்கும், நிழல் விழுந்த இடம் பச்சையாகவே நிற்கும். அதனால் நெகட்டிவ் வேண்டாம், பாசிட்டிவ்தான். தலைமுடி கறுப்பாக இருந்தால் இலையில் கரும்பச்சையாக வரும்.

யோசனை புதிதல்ல. ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842லேயே பூக்களின் சாற்றைக் காகிதத்தில் தடவி வெயிலில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார். வெயிலில் நீல நிறப் படம் எடுக்கும் சயனோடைப் முறையும் அதே ஆள், அதே வருடம். மேரி சோமர்வில் என்ற பெண் விஞ்ஞானியும் தாவரச் சாறுகளை வைத்துச் சோதனை செய்தார். அது ஹெர்ஷலுக்கு அவர் எழுதிய கடிதமாகத்தான் அச்சேறியது. இது ஏனோ மனதில் நின்றுவிட்டது.

இலையிலேயே முகம் கொண்டுவந்தவர் பின் டான் என்ற புகைப்படக் கலைஞர். வியட்நாம் போரின் முகங்களை இலைகளில் எடுத்து, ரெசின் என்ற ஒளிபுகும் பிசினுக்குள் உறையவைத்தார். அக்ராய்ட், ஹார்வி என்ற கலைஞர் ஜோடிக்கு இன்னொரு வழி: இருட்டறையில் முளைக்கிற புல்மேல் நெகட்டிவை ஒளியாக விழவைப்பார்கள். வெளிச்சம் கிடைத்த புல் பச்சை, கிடைக்காதது மஞ்சள். முகம் வளர்ந்தே வரும். எனக்கு அவ்வளவு பொறுமையும் கிடையாது, இருட்டறையும் கிடையாது.

பிப்ரவரி 7

ஒரு இலை. 6 மணி நேரம் வெயில். ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9

காரணம் ஷீட். திரையில் நன்றாக இருக்கும் சாம்பல் நிறமெல்லாம் வெயிலுக்கு ஒரு பொருட்டே இல்லை. காண்ட்ராஸ்ட்டைக் கண்டபடி ஏற்றி, ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தேன். கறுப்பு இப்போதுதான் கறுப்பு.

ஆனால் இலைக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடிக்கு உட்புறம் முழுக்கத் துளித்துளியாக நீர், அந்தத் துளி பட்ட இடமெல்லாம் பழுப்புத் திட்டு. கன்னத்தில் அம்மை போட்ட மாதிரி ஒரு முகம். காம்பு காய்ந்தால் இலை சுருளும், காம்புக்குத் தண்ணீர் காட்டினால் இலை வியர்க்கும். நடுவில் எங்கேயோ ஒரு அளவு இருக்கிறது.

பிப்ரவரி 10

அக்கா விசில் அடித்துப் பார்த்தாள். காற்று மட்டும் வந்தது, அதுவும் இடது ஓரமாக.

பிப்ரவரி 12

இலை வேண்டாம் என்று கோபத்தில் மஞ்சளுக்குப் போனேன். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் வடிகட்டி, கெட்டித் தாளில் இரண்டு கோட். இருட்டில் உலர்த்தி, ஷீட் வைத்து, 3 மணி நேரம் வெயில். எடுத்தால் வெளிறிய மஞ்சள்மேல் மஞ்சளாக ஒரு முகம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. பிறகு வெங்காரம் (போராக்ஸ்) கரைத்த தண்ணீரைத் தூரிகையால் தடவினேன். தடவத் தடவ மஞ்சள் செம்பழுப்பாக மாறி, கண், புருவம், மூக்கின் நிழல் எல்லாம் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அந்த அரை நிமிடத்துக்காகவே இன்னும் பத்து தாள் போடலாம்.

என் கை இரண்டும் முழங்கை வரை மஞ்சள். அக்கா பார்த்துச் சிரித்தாள். சிரித்த கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 15

வந்துவிட்டது. இலையில் முகம்!

தோழியின் முகம், இரண்டரை நாள் வெயில். கண் இரண்டும் தெளிவு. மூக்கைத்தான் காணோம், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நடுநரம்பு. அது தடிப்பாக இருப்பதால் கண்ணாடி இலையோடு படியாமல் தூக்கி நிற்கிறது, இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குக் கலங்கல். நரம்பு இலையின் பின்புறம்தான் புடைத்திருக்கும், எனவே அடியில் பஞ்சு மாதிரி மெத்தென்று ஏதாவது வைத்தால் நரம்பு அதில் அமுங்கி மேல்பக்கம் சமமாகும். நாளை ஸ்பாஞ்ச்.

இன்னொன்று. அவளுக்கு மச்சம் வலது கன்னத்தில். இலையில் பார்த்தால் இடம் மாறி எதிர்ப்பக்கம் போய்விட்டது. மை இருக்கும் பக்கத்தை இலையோடு ஒட்டவைத்தால்தான் படம் கூர்மையாக வரும், அப்படி வைத்தால் முகம் திரும்பிவிடும். கம்ப்யூட்டரிலேயே முன்கூட்டித் திருப்பிக்கொள்ள வேண்டும். சின்ன விஷயம்தான், எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 18

15ஆம் தேதி இலை மங்குகிறது. மேசைமேல்தான் வைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சமே போதும் போல. எந்த வெளிச்சம் முகத்தைக் கொண்டுவந்ததோ அதுவே அழித்துக்கொண்டிருக்கிறது. இனி புத்தகத்துக்குள்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் பச்சை கொஞ்சம் நிலைக்குமாம். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தின் இடத்தில் செம்பு போய் உட்கார்ந்துகொள்ளும். விஷம், கையுறை கட்டாயம். அம்மாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 19

ஈ. ஊ. ஈ. ஊ. அக்காவின் முகப்பயிற்சி, கண்ணாடி முன்னால் 20 தடவை, காலையும் மாலையும். பக்கத்து அறையில் இருந்து கேட்டால் சின்னக் குழந்தை எழுத்துப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 22

நடுவாந்திர ரிவ்யூ. நான்கு இலைகளை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். வகுப்பே "ஐயோ" என்றது. எனக்கே கொஞ்சம் கர்வம். மேடம் மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டெக்னிக் வந்துடுச்சு. ஆனா இந்த நாலு பேரும் எனக்கு யாருன்னே தெரியலையே" என்றார்.

வரும் வழியெல்லாம் ஒரே முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமாகவும் இருந்தது. அக்கா வீடியோ காலில் கேமராவை அணைத்துவிட்டுப் பேசுகிறாள். தண்ணீர் குடிக்கும்போது ஓரத்தில் ஒழுகுவது தெரியாமல் இருக்கத் திரும்பி நின்று குடிக்கிறாள். அவளிடம் போய் ரிவ்யூவுக்கு முகம் கொடு என்று கேட்பதா? நடுநரம்பு நடுவே ஓட, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறு ஒன்று. எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று என் மூளை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பொருத்தம்தான் பிடிக்கவில்லை. அக்காவை ஒரு யோசனையாக ஆக்கிவிடுவேனோ என்று பயம். அதோடு, அவள் சரியாவதற்குள் எடுத்துவிட வேண்டுமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. எழுதவே கூசுகிறது. வந்தது வந்ததுதான்.

பிப்ரவரி 24

கேட்கவில்லை.

பிப்ரவரி 25

"ரெண்டு நாளா என் மூஞ்சியையே பாக்கறே. கேக்கறதுன்னா கேட்டுத் தொலை."

கேட்டேன்.

"வலப்பக்கம் மட்டும்னா சரி."

பிப்ரவரி 26

வலப்பக்கம் மட்டும் எடுத்தேன். நல்ல வெளிச்சம், நல்ல படம். அக்கா பார்த்துவிட்டுக் கேமராவைத் திருப்பித் தந்தாள். "பாஸ்போர்ட் தொலஞ்சா குடுக்கலாம்." அழித்துவிட்டேன்.

மார்ச் 1

நேற்று ராத்திரி டேப் இல்லாமல் தூங்கினாள். இமை முழுக்க மூடவில்லை, ஒரு நூல் அளவு வெள்ளை தெரிந்தது. அம்மா இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தார்.

மார்ச் 2

நேராக உட்கார்ந்தாள். அவளே சொன்னாள், "சிரிக்கச் சொல்லாதே." 11 படம்தான். காட்டினேன்.

முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது மாறியிருக்கே, வாய் இந்தப் பக்கம் இல்லையே" என்றாள். இல்லக்கா, நீ கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிட்டே, மத்தவங்களுக்கு இப்படித்தான் தெரியும் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. போனில் படத்தைத் திருப்பிக் காட்டினேன். "ம், இதுதான் நான்" என்றாள். ஐந்து வாரமாக ஈ, ஊ என்று பழகிய முகம். அவளுக்கு இந்த ஒரு முகம்தான் தெரியும், எங்களுக்கெல்லாம் இன்னொன்று.

மார்ச் 5

எந்தப் பக்கம்?

மற்ற ஐந்து பேரையும் உள்ளபடிதான் வைத்திருக்கிறேன், மச்சம் அதனதன் இடத்தில். அக்காவை மட்டும் திருப்பி வைத்தால் பார்க்கிற யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு மட்டும் தெரியும். இந்த வேலையைப் பார்க்கப்போவது அவளா, மேடமா? இரண்டு இலை போடலாம் என்றால் அது நடுவராகத் தீர்ப்பு சொல்லாமல் நழுவுவது.

தோட்டத்தில் ஒரு பிகோனியா இருக்கிறது. அதன் இலை பிறவியிலேயே ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. அரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம். சொல்லிக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும். எல்லாருக்கும் போட்ட அதே மரத்து இலையே இவளுக்கும்.

மார்ச் 6

மேகம்.

மார்ச் 7

மேகம். இலை பறித்தது வீண்.

மார்ச் 9

வெயில். காலை 8 மணிக்கு மாடியில் வைத்துவிட்டேன். ஸ்பாஞ்ச், இலை, இரண்டு ஷீட், கண்ணாடி, நான்கு கிளிப். காம்புக்கு ஈரப்பஞ்சு. கம்ப்யூட்டரில் முன்கூட்டித் திருப்பிய ஷீட், மை இலைப் பக்கம், முகம் உள்ளபடி வரும். எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் நியாயம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகும் வயிற்றில் என்னவோ.

வகுப்புக்குப் போய்விட்டு 4 மணிக்கு வந்தேன். மாடிப்படியில் அக்கா எதிரே இறங்கினாள். "வெயில் நகந்துடுச்சு, ஓரமா வெச்சேன்."

மார்ச் 10

இரவு ஃபிரேமை உள்ளே கொண்டுவரும்போது கவனித்தேன். கிளிப்புகள் நான் போடுகிற மாதிரி மூலையில் இல்லை, நடுவில். ஷீட்டில் மை பளபளக்கும் பக்கம் மேலே இருக்கிறது. எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை. 8 மணிக்கே என்றால் ஒரே முகம். மதியம் என்றால் இரண்டு முகமும் ஒன்றன்மேல் ஒன்று.

பிரித்துப் பார்க்கலாம். பிரித்தால் மறுபடி அதே இடத்தில் பொருந்தாது. இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும்.

அக்கா தூங்குகிறாள். போய்ப் பார்த்தேன். கண் மூடியிருக்கிறது, இரண்டும்.

மார்ச் 11

காலையிலிருந்து மேகம். ஃபிரேம் கட்டிலுக்கு அடியில், கறுப்புத் துணி சுற்றி.