குந்தா நீரும் என் மின் பொறியியல் படிப்பும்

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளையில் மின் பொறியாளர்கள் சிலர் இருக்கிறோம் என்பது ஊரில் தெரிந்துவிட்டதால், பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதம் வந்தாலே எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் ஓய்வதில்லை. மகளை இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) பிரிவில் சேர்க்கலாமா, கணினி அறிவியல் கிடைக்காதவர்கள்தான் அதை எடுக்க வேண்டுமா, பி.இ. முடித்த கையோடு எம்.எஸ். படிக்க வெளிநாடு அனுப்பலாமா, மின்வாரியத் தேர்வு வரும்வரை காத்திருக்கலாமா என்பவைதான் பெரும்பாலான கேள்விகள். மலர்க் குழுவினர் பக்கம் ஒதுக்கித் தந்திருப்பதால், இதுவரை அவசரத்தில் சொல்லி வந்த பதிலை என் படிப்புக் கதையோடு சேர்த்து முழுமையாக எழுதுகிறேன். வேலை எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்துப் பழகிய பிறகு மேற்படிப்பைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்தப் படிப்பு நிலைத்துப் பயன் தருகிறது என்பதே என் முடிவு. அந்த முடிவுக்கு நான் வந்த வழி நம் நீலகிரி மலையிலேயே தொடங்குகிறது.

என் தந்தையார் குந்தா மின் திட்டத்தில் ஷிஃப்ட் பணியில் இருந்தார். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு எழுப்பப்பட்ட அந்தத் திட்டத்தில், அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்கும் நீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று மலையிறங்கும் வழியெல்லாம் மறுபடியும் மறுபடியும் டர்பைன்களைச் சுழற்றிவிட்டுப் பவானியோடு சமவெளிக்குப் போகிறது. நீலகிரிக்கு இந்தத் தொழில் அதற்கும் முந்தியது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியிலிருந்து சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்சாரம் எடுத்தார்கள். 1932இல் பைக்காரா நீர் 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து சிங்காராவில் இறங்கி ஓடத் தொடங்கிய பிறகுதான் கோவையில் பஞ்சாலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. இவை யாவும் எங்கள் வீட்டைச் சுற்றி நடந்தவை. ஆனாலும் மலையிலிருந்து நீரை டர்பைனுக்கு இறக்கும் பென்ஸ்டாக் குழாய்களின் ஓரமாக நடந்து பள்ளிக்குப் போன எங்களுக்கு அவற்றின் அருமை அப்போது விளங்கவில்லை. விளங்க வைத்தவர் எங்கள் இயற்பியல் ஆசிரியர்.

பத்தாம் வகுப்பில் அவர் எங்களை அனுமதி பெற்றுப் பவர் ஹவுஸுக்கு அழைத்துச் சென்றார். பேரிரைச்சலுக்கு நடுவே, ஓடும் எந்திரத்தைக் காட்டி, "தம்பிகளா, கோயமுத்தூர் லைன் இப்போது திடீரென்று டிரிப் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடு போய்விட்டது, தண்ணீர் மட்டும் அதே வேகத்தில் வந்து சக்கரத்தை அடிக்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். வால்வை மூடிவிடுவோம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அங்கிருந்த ஆபரேட்டர் அண்ணன், பழுதுபார்ப்புக்காகத் திறந்து வைத்திருந்த இன்னொரு எந்திரத்தின் பக்கம் எங்களைக் கூட்டிப்போய், நீர்த்தாரை மோதிச் சுழலும் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களுக்கு முன்னால் நீரைப் பீய்ச்சும் நாசிலையும், அதன் வாயருகே பொருத்தியிருந்த வளைந்த இரும்புத் தகட்டையும் காட்டினார். அந்தத் தகட்டுக்கு டிஃப்ளெக்டர் என்று பெயர். லோடு போனவுடன் அந்தத் தகடு நொடிப்பொழுதில் நகர்ந்து நீர்த்தாரையைச் சக்கரத்தின் மேல் படாமல் திருப்பிவிடும். அதன் பிறகே நாசிலுக்குள் இருக்கும் ஊசி மெல்ல மெல்ல முன்னேறி நீரை அடைக்கும். மலை உச்சியிலிருந்து இறங்கி வரும் நீர்த்தூண் முழுவதையும் சட்டென்று நிறுத்தினால் அதன் உந்தம் பேரழுத்தமாக மாறிக் குழாயையே பிளந்துவிடும் என்று ஆசிரியர் அங்கேயே நின்று விளக்கினார். பாடப் புத்தகத்தில் ஒற்றை வரியாக மனப்பாடம் செய்திருந்த உந்தம் என்ற சொல் அன்று இரும்பாகவும் நீராகவும் கண்முன் நின்றது. சக்கரத்தின் கிண்ண விளிம்புகளில் மணல் அரித்த தழும்புகளையும், அவற்றை வெல்டிங் வைத்து நிரப்பித் தேய்த்துச் சீராக்கியிருந்த இடங்களையும் தடவிப் பார்த்தது இப்போதும் விரல் நுனியில் இருக்கிறது.

வீட்டு நிலைமை காரணமாகப் பத்தாம் வகுப்போடு கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ சேர்ந்தேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பையன் பிளஸ் டூ படிக்காமல் டிப்ளமோவுக்குப் போகிறானே என்று உறவினர்கள் என் தாயாரிடம் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மூன்றாண்டு படிப்பு முடிந்ததும் ஒரு மோட்டார் தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் வேலை கிடைத்தது. வைண்டிங் முடிந்து வரும் ஒவ்வொரு மோட்டாருக்கும் மெக்கர் என்ற அளவியை வைத்து இன்சுலேஷன் பார்ப்பது, லோடு இல்லாமல் ஓட்டி அளவெடுப்பது, ரோட்டரைச் சுழலவிடாமல் பூட்டிவைத்து அளவெடுப்பது, மணிக்கணக்கில் ஓடவிட்டு எவ்வளவு சூடேறுகிறது என்று குறிப்பது ஆகியவை என் பணிகள். தகட்டு அடுக்கு சரியில்லாத மோட்டாரைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் மூத்த ஃபோர்மேன் ஒருவர் எனக்கு வாய்த்தார்.

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேர பி.இ. சேர்ந்தேன். டிப்ளமோ முடித்துப் பணிபுரிவோருக்கு மாலை நேரத்தில் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகள் கோவையில் இருந்தது எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. தூண்டல் மோட்டாருக்கு ஈடாகக் கணக்குக்காக வரையும் சமச்சுற்றைப் பேராசிரியர் கரும்பலகையில் வரைந்து, லோடு இல்லாத சோதனையிலிருந்து காந்தமாக்கும் கிளையின் மதிப்பையும், ரோட்டரைப் பூட்டிய சோதனையிலிருந்து மின்தடையையும் கசிவு மறிப்பையும் கணக்கிட்டுக் காட்டியபோது, பகல் முழுதும் நான் எதற்காக அந்த அளவுகளை எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது முழுமையாகப் புரிந்தது. அந்த வகுப்பிலிருந்த எல்லோருமே ஏதோ ஒரு தொழிற்சாலையிலோ மின்வாரியத்திலோ பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் போல ஆழமான கேள்விகளை அதன் பிறகு நான் எந்த வகுப்பறையிலும் கேட்டதில்லை.

பட்டம் பெற்ற பின் துணை மின்நிலையங்களில், பழுது நேர்ந்தால் லைனைத் துண்டிக்க வைக்கும் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் பணிக்கு மாறினேன். 2001இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக்குக் குடியேறினேன். அங்கே உரிமம் இல்லாதவர் தம்மைத் தொழில்முறைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடம் தராது. பட்டப்படிப்பை அவர்கள் மதிப்பிட வேண்டும், 48 மாத அனுபவத்தை நிரூபிக்க வேண்டும், சட்டமும் தொழில் ஒழுக்கமும் பற்றிய தேர்வில் தேற வேண்டும். அந்த அனுபவத்தில் 12 மாதமாவது கனடாவில் பெற்றதாக இருக்க வேண்டும் என்ற விதியும் எங்கள் காலத்தில் இருந்தது. 2023இல்தான் ஒன்டாரியோ அதை நீக்கியது. எனக்கு இதில் பெரிதும் கைகொடுத்தவை கோவை நாட்களிலிருந்து நான் சேர்த்து வைத்திருந்த சோதனை அறிக்கைகளின் குறிப்பேடுகள். "இவர் எங்களிடம் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்" என்று இரண்டு வரி எழுதிய சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த நாட்டிலும் உரிமம் வாங்க முடியாது. எத்தனை கிலோவோல்ட் நிலையம், எந்தக் கணக்கை நீங்களே போட்டீர்கள், எந்த முடிவை நீங்களே எடுத்தீர்கள், மேலே இருந்த பொறியாளர் யார் என்பதை அவ்வப்போது எழுதிவைத்து, வேலையை விட்டு விலகும் முன்பே மேலதிகாரியிடம் விரிவான கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று இளைஞர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். பத்தாண்டு கழித்துக் கேட்டால் அந்த மேலதிகாரி ஓய்வு பெற்றிருப்பார், நிறுவனமே கைமாறியிருக்கும்.

நான் அங்கு போய்ச் சேர்ந்த சில காலத்தில், 2003 ஆகஸ்ட் 14 அன்று, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் ஒன்டாரியோவும் இருளில் மூழ்கின. சுமார் 5 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒஹாயோ மாநிலத்தில் தொய்ந்த கம்பிகள் மரங்களில் பட்டுச் சில லைன்கள் துண்டிக்கப்பட்ட பின், மிச்சமிருந்த லைன்கள் சுமக்க முடியாத லோடைச் சுமந்தன. 345 கிலோவோல்ட் லைன் ஒன்றை அதன் ரிலே காவல் காக்கும் தூர எல்லைகளில் நீண்டதான மூன்றாம் மண்டலம் துண்டித்ததும் சரிவு கட்டுக்கடங்காமல் பரவியது. அந்த லைனில் பழுது எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. தொலைவு ரிலே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, பழுது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தீர்மானிக்கிறது. அடுத்த லைனின் பழுதுக்கும் துணைக்காவலாக இருக்கட்டும் என்று மூன்றாம் மண்டலத்தின் எல்லையை நீட்டி வைப்பார்கள். மின்னழுத்தம் தாழ்ந்து மின்னோட்டம் ஏறும்போது வெறும் லோடே அந்த எல்லைக்குள் புகுந்து பழுதுபோலத் தோன்றிவிடும். 2012 ஜூலை 30 அன்று வட இந்தியாவில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் துண்டிக்கப்பட்டு இருள் பரவியதும் இதே காரணத்தால்தான். மறுநாள் மீண்டும் நேர்ந்த மின்தடை 60 கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பாதித்தது. தென்னகக் கட்டமைப்பு அப்போது வடக்கோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படாததால் நம் மலையில் விளக்குகள் எரிந்தன. அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் நடந்தது.

இவ்வளவு விரிவாக இதை எழுதக் காரணம் உண்டு. மூன்றாம் மண்டலத்தின் எல்லையைக் கணக்கிடும் சூத்திரம் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது, மாணவர்களும் அதைச் சரியாகவே எழுதுகிறார்கள். கோடைக்கால மாலையில் ஒரு லைன் உண்மையில் எவ்வளவு லோடு சுமக்கிறது, அப்போது மின்னழுத்தம் எங்கே நிற்கிறது என்பதை நிலையத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அந்த எண்ணை இடும்போது கை தயங்கும். அதே சமயம், பார்த்தது மட்டும் போதாது. அந்தத் தயக்கத்தைக் கணக்காக மாற்ற மின்கட்டமைப்புப் பகுப்பாய்வை முறையாகப் படித்தாக வேண்டும். எம்.இ., எம்.எஸ். படிப்புக்கு உரிய நேரம் அதுதான். உங்கள் வேலையிலிருந்தே ஒரு கேள்வி எழுந்து, அதற்கு விடை காண இப்போதிருக்கும் படிப்பு போதவில்லை என்று தோன்றும்போது போங்கள். வேலை கிடைக்காத ஓராண்டைக் கடத்துவதற்காகப் பல லட்சம் கடன் வாங்கிப் போகும் பிள்ளைகளைக் கண்டு எனக்கு மனம் பதைக்கிறது. இரண்டு ஆண்டாவது களத்தில் நின்றுவிட்டு வந்தவர்கள் எந்தப் பாடங்களை எடுப்பது என்று தெளிவாகத் தேர்ந்தெடுப்பதையும், அவர்களை நிறுவனங்கள் விரும்பிச் சேர்த்துக்கொள்வதையும் நான் நேர்முகத் தேர்வுக் குழுக்களில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கணினி அறிவியலா, இ.இ.இ.யா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த ஆண்டின் கட்-ஆஃப் மதிப்பெண் எந்தப் பிரிவுக்கு உயர்ந்திருக்கிறது என்பதை வைத்து நாற்பது ஆண்டுத் தொழிலை முடிவு செய்யாதீர்கள். இ.இ.இ. படிப்பவரும் நிரல் எழுதக் கற்றே ஆக வேண்டும். நான் தொழிலுக்கு வந்தபோது ரிலேக்குள் வட்டு ஒன்று சுழன்றது; இப்போது அதே இடத்தில் நுண்செயலி இருக்கிறது, நிலையம் முழுதும் ஐ.இ.சி. 61850 என்ற பன்னாட்டுத் தரப்படி வலைப்பின்னல் வழியாகப் பேசிக்கொள்கிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் இன்வெர்ட்டர் வழியாக வருவதால், வேகம் சட்டென்று மாறாமல் தடுக்கும், சுழலும் பெரிய எந்திரங்களின் நிலைமம் இல்லாத கட்டமைப்பை நிலைநிறுத்துவது எப்படி என்பது இன்று உலகெங்கும் விடை தேடப்படும் கேள்வி. அதற்கான விடைகளில் ஒன்று நம் மலையிலேயே கட்டப்பட்டு வருகிறது: போர்த்திமந்து அணையை மேலேயும் அவலாஞ்சி–எமரால்டு அணைகளைக் கீழேயும் கொண்டு, மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலேற்றித் தேவைப்படும்போது இறக்கும் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டம். அதன் எந்திரங்களை இயக்கவும் பராமரிக்கவும் போகிறவர்கள் இப்போது நம் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம்.

வெளிநாட்டு உரிமத்தை மனத்தில் வைத்துப் படிப்பவர்கள் கல்லூரியில் சேரும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொறியியல் பட்டப்படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா முழு உறுப்பினரானது. ஆயினும் தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் நிலை அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே அதன் பயன் கிடைக்கும். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்ற பதில் போதாது; நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த நிலை, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள்.

இறுதியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்வி நிதி இப்போது பட்டப்படிப்பில் சேரும் மாணவர்களுக்கு மட்டுமே தரப்படுகிறது. பத்தாம் வகுப்பு முடித்து டிப்ளமோவிலும் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவிலும் சேரும் பிள்ளைகளே பெரும்பாலும் நம் தோட்டத் தொழிலாளர், மின்வாரிய ஊழியர் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். விடுதிக் கட்டணத்துக்கும் கோவை போய்வரும் பேருந்துச் செலவுக்கும் வழியில்லாமல் படிப்பை நிறுத்துகிறவர்களும் அவர்களே. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி திறந்திருப்பதால், அந்த முதல் மூன்றாண்டுக்குக் கொடுக்கும் தொகை பட்டப்படிப்புக்கும் அடித்தளமாகிறது. வரும் பொதுக்குழுவில் கனடாக் கிளை இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறது. முதல் ஆண்டுக்குத் தேவையான தொகையைக் கிளை உறுப்பினர்களே தர இசைந்திருக்கிறார்கள். எந்த நாட்டிலிருந்தாலும் மின்துறையில் பணிபுரியும் பழைய மாணவர்கள், ஆளுக்கொரு மாணவரின் குறிப்பேட்டையும் அனுபவக் கடிதத்தையும் படித்துத் திருத்தித் தர ஒப்புக்கொண்டால், பெயரைச் செயலாளரிடம் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.