முதிரைப் பலகையும் மாசிப் பனியும்

எங்கள் வீட்டில் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடுவே, வேப்பமரத்துக்குக் கீழே, 12 அடிக்கு 10 அடியில் ஒரு மரத்தளம் இருக்கிறது. அதன் பலகைகள் பேரனாரின் நாற்சார் வீட்டு விட்டங்களில் அரிந்தவை. போரால் நேர்ந்த 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வீடு நிலைக்கவில்லை. கூரையின் பனைச் சிலாகைகள் எல்லாம் போய்விட்டன, முதிரை மர விட்டங்கள் சில மட்டும் மண்ணுக்கும் செடிக்கும் நடுவே மிஞ்சிக் கிடந்தன. 2020 இல் அவற்றை மரக்காலைக்கு ஏற்றிப்போய் அரியக் கொடுத்தபோது, கறுத்துப்போன தோலுக்குள்ளிருந்து பொன்னிறம் வெளிவந்தது. அம்மா அதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். இதைப் பெயின்ற் அடித்து மூடக்கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் வார்னிஷ் பூசினேன். மூன்று பூச்சு. ஆவணியில் கண்ணாடிபோல மின்னியது. மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயலின் மழை கொட்டியது. தை பிறந்தபோது பலகை விளிம்புகளில் வார்னிஷ் வெங்காயத் தோல்போல எழும்பியிருந்தது, அடியில் நீர் புகுந்து மரம் சாம்பல் பூத்திருந்தது. காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். நிறமற்ற வார்னிஷுக்கு ஊடாக வெயிலின் புறஊதாக் கதிர் இறங்கிவிடுகிறது. மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் அதனால் சிதைகிறது. பிடிமானம் போன மரத்தின் மேல் வார்னிஷ் படலம் எப்படி நிற்கும்? ஓர் இடத்தில் வெடித்தால் போதும், உள்ளே போன நீருக்கு வெளியே வர வழியில்லை.

அரை ஒளிபுகு ஸ்டெயின் என்ற மரப்பூச்சு வேறு விதமாக வேலை செய்கிறது. எண்ணெயோடு சேர்ந்து மரத்துக்குள் இறங்குகிறது, மேலே தடித்த படலம் கட்டுவதில்லை. அதிலுள்ள நுண்ணிய நிறத்தூள் வெயிலைத் தடுக்கிறது, ஆனால் மரத்தின் ரேகை தெரிகிற அளவுக்குத்தான் இருக்கிறது. பழசானால் மங்குமே தவிர உரிந்து தொங்காது. எனக்கு வேண்டியது இதுதான்.

வார்னிஷை எடுப்பதற்கே ஒன்பது நாள் போயிற்று. சுரண்டியால் சுரண்டி, பிறகு மெசினில் 60 இலக்க அரத்தாள், அதன்பின் 80. அதோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் வழுவழுப்பாக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எண்ணெய் உள்ளே இறங்காது. இரும்புக் கம்பளியை மரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உடைந்து ஒட்டும் துணுக்குகள் துருப்பிடித்துக் கறுப்புப் புள்ளிகளாகும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: முதிரைத் தூள் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. இரண்டாம் நாளே என் முழங்கைவரை தடித்துச் சிவந்து, இரவெல்லாம் அரித்தது. அதன்பிறகு முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் நான் வேலைக்கு இறங்கவில்லை.

பழைய ஆணி இருந்த துளைகளைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள் நின்றன. மரத்தின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறை அது. எத்தனை உரசினாலும் போகாது. கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றும்படி அயலில் இரண்டு பேர் சொன்னார்கள். குளோரின் மர நாரையே அரிக்கும், இரும்புக் கறையை அசைக்காது. அதற்கு ஒட்சாலிக் அமிலம் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, லீட்டருக்கு 30 கிராம் அளவில் வெந்நீரில் கரைத்துப் பூசினேன். கால் மணி நேரத்துக்குள் வளையங்கள் வெளிறத் தொடங்கின. அது நச்சுப் பொருள். பிள்ளைகளையும் நாயையும் முற்றத்துக்கு விடாமல் அம்மா காவல் இருந்தார்.

அதுவரை சரியாகப் போன வேலையில் தவறு அங்கேதான் நேர்ந்தது. கிணற்று நீரை அள்ளி ஊற்றிக் கழுவினேன். காய்ந்தபோது தளம் முழுவதும் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளை படர்ந்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறும் நீரைத் தருபவை என்பது கேத்தில் அடியைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்த நீரிலுள்ள கல்சியத்தோடு ஒட்சாலிக் அமிலம் சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பொடியாகிவிடும். மறுபடி 80 தாளால் மெல்லத் தேய்த்து, தொட்டியில் பிடித்து வைத்திருந்த மழைநீரால் கழுவினேன். அமிலத்தைக் கரைக்கவும் மழைநீரையே எடுத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்த வேலையைச் செய்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

பிறகு காத்திருப்பு. ஐந்து நாள். நீர்த்துளி விட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் மரம் அதை உறிஞ்ச வேண்டும். துளி முத்துப்போல நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

எந்தக் காலத்தில் பூசுவது என்று ஓடாவியாரைக் கேட்டேன். எங்கள் வீட்டு மரவேலைகளை முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகிற முதியவர்.

“ஐப்பசி முதல் மார்கழிவரை மழை. வைகாசியில் சோளகக் காற்று தொடங்கினால் செம்மண் புழுதி ஈரப் பூச்சில் ஒட்டும். சித்திரையில் பலகை கொதிக்கும். மாசியை விட்டால் வேறு மாதம் இல்லை, தம்பி.”

“பனி இறங்குமே, ஐயா?”

“இறங்கும். அதற்கேற்ற நேரத்தில் பூசுங்கள்.”

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடியற்காலையில் பலகை நனைந்து கிடக்கும். ஆகவே ஒன்பதரை மணிவரை காயவிட்டுத் தொடங்க வேண்டும். அதற்குப் பின்னர் நேர்வெயில் விழுந்தால், எண்ணெய் இறங்குமுன்பே மேலே காய்ந்து பட்டை பட்டையாகும். படங்கு கட்டினால் அடியில் வெக்கை தேங்கும். ஓடாவியார் நான்கு தடி நட்டு, கிடுகு வேய்ந்து தந்தார். வெயில் மறைந்தது, காற்றும் தாராளமாக வந்தது.

வாங்கிய இரண்டு டின்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்தேன். டின்னுக்கு டின் நிறம் சற்று மாறலாம். நிறத்தூள் அடியில் தங்கிவிடும் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறவும் வேண்டும். துண்டுப் பலகைகளில் மூன்று நிறங்களைப் பூசி ஒரு கிழமை வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் வெளிர்ந்த தேன் நிறத்தைத் தேர்ந்திருந்தேன். இரண்டு இரண்டு பலகையாக, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நிறுத்தாமல் பூசவேண்டும். நடுவில் நிறுத்தினால் ஈரமும் காய்ந்ததும் சந்திக்கும் இடத்தில் கோடு விழும். பலகையின் வெட்டுமுகம் நீரை அதிகம் குடிக்கும் என்பதால் அதற்கு மட்டும் இரண்டு தடவை கொடுத்தேன்.

முதல் நான்கு பலகையில் தாராளமாகப் பூசிவிட்டேன். ஓடாவியார் வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். “மரம் குடிக்கிற அளவுக்குத்தான் கொடுக்கவேண்டும், தம்பி. மிச்சத்தைத் துடைத்து எடுங்கள்.” முதிரை இறுக்கமான மரம், அதிகம் குடிக்காது. பூசிப் பதினைந்து நிமிடத்தில் பழைய சாரத் துணியால் துடைத்தெடுத்த பலகைகள் மறுநாள் மாலை காய்ந்துவிட்டன. அந்த நான்கும் ஐந்தாம் நாளும் பிசுபிசுத்தன. டர்பன்டைன் தொட்ட துணியால் தேய்த்தெடுத்த பிறகே சீராயின. இரண்டாம் பூச்சு தேவைப்படவில்லை. முழுத் தளத்துக்கும் 2 லீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே சென்றது.

துடைத்த துணிகளை வாளிக்குள் சுருட்டிப் போட்டிருந்தேன். மத்தியானம் எடுக்கக் கை வைத்தபோது உள்ளே சூடாக இருந்தது. உலரும் எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் பிறக்கிறது. குவியலுக்குள் அது தேங்கினால், நெருப்பு வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். மேலே காய்ந்த கிடுகுப் பந்தல். நினைக்கும்போது இன்றும் உடல் நடுங்குகிறது. ஒவ்வொரு துணியையும் நீரில் தோய்த்து, மதிலில் தனித்தனியாக விரித்துக் காயவைத்தேன். வேறு எதில் அவசரப்பட்டாலும் இதில் கவனம் தவறவே கூடாது.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை, ஆனால் விடாமல் செய்யவேண்டிய வேலை. பலகை இடுக்கில் வேப்பிலை தங்கினால் ஈரம் பிடித்துக் கறுக்கும், அதனால் கிழமைக்கு இரண்டு தடவை தும்புத்தடியால் கூட்டுகிறோம். வேப்பம்பழக் காலத்தில் தினமும். பூச்சாடிகளை ஓட்டுத் துண்டுகளின் மேல் உயர்த்தி வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் அடியில் வட்டக் கறை விழும். தையில் மழை ஓய்ந்ததும் மென்மையான சவர்க்கார நீரால் கழுவி, காய்ந்தபின் ஆறேழு இடங்களில் துளி விட்டுப் பார்ப்பேன். 2022 இல் ஸ்டெயின் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினேன். நல்லவேளையாக அந்த ஆண்டு துளிகள் உருண்டு நின்றன. 2023 மாசியில் வெயில் படும் தெற்குப் பாதிக்கு மட்டும் மெல்லிய பூச்சு. சுரண்டவோ உரிக்கவோ எதுவும் இல்லை, கழுவி, காயவைத்து, பூசித் துடைத்தேன். ஒரே காலையில் முடிந்தது. நிமிர்ந்து நிற்கும் கைபிடிச் சட்டங்களுக்கு இன்னும் தேவைப்படவில்லை.

கிணற்றடிப் பக்கத்துப் படி மட்டும் ஈரக் கால் பட்டுப் பட்டு மற்ற இடங்களைவிட முன்னதாக வெளிறுகிறது. மீதி ஸ்டெயினை ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலில், காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை நிரப்பி அந்தப் படிக்காக வைத்திருக்கிறேன். நேற்று படியில் விட்ட நீர்த்துளியை மரம் உடனே குடித்துவிட்டது. அம்மா வேறு வழியால் தண்ணீர் அள்ளப் போகிறார், நான் பனி காய்வதற்காகக் காத்திருக்கிறேன்.