பாலம் பார்க்க வந்த அப்பா

ஜூன் 20, இரவு

சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸ் முந்நூறு மைல். ஐந்து மணி நேரப் பயணம், சின்னவன் கழிப்பறைக்காக நிறுத்தச் சொன்ன இடங்களையெல்லாம் சேர்த்து ஏழு ஆனது. வழி நெடுக சோளக்கொல்லைதான். முதல் ஒரு மணி நேரம் அப்பா அதன் பரப்பை வியந்தார்; பிறகு தூங்கிப்போனார்.

மிசிசிப்பியைத் தாண்டும்போது கேட்வே ஆர்ச் என்ற அந்தப் பெரிய எஃகு வளைவு தெரிந்தது. பிள்ளைகள் இருவரும் கத்தினார்கள். விழித்துக்கொண்ட அப்பாவோ வளைவைத் தாண்டி வடக்கே எட்டிப் பார்த்து, "அந்தப் பாலம் எந்த வருடம் கட்டியதம்மா?" என்றார். நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். என் பயணத் திட்டத்தில் பாலம் எதுவும் இல்லை.

விடுதி அறையின் ஏசி, மேடேறும் லாரியைப் போல முனகுகிறது.

ஜூன் 21

வளைவின் உயரம் 630 அடி. இரு கால்களுக்கும் இடையே அகலமும் அதே 630 அடி. யார் பார்த்தாலும் உயரம்தான் அதிகம் என்பார்கள். பெரியவள் என்னோடு பந்தயம் கட்டித் தோற்றாள்.

மேலே போவதற்கு ஒரு சின்னப் பெட்டி. துணி துவைக்கும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஐந்து இருக்கைகளைப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். குனிந்து நுழைந்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க நான்கு நிமிடம். என் கணவர் கண்ணை மூடியவர் உச்சியில்தான் திறந்தார்.

அப்பா பேசிக்கொண்டே வந்தார். வரைந்த ஈரோ சாரினென் 1961இல் இறந்துவிட்டார். கட்டி முடித்தது 1965இல். கடைசித் துண்டைப் பொருத்தும் நாளில் வெயிலில் எஃகு விரிந்து இடைவெளி சுருங்கிவிடக் கூடாதென்று தெற்குக் காலின் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார்களாம். எல்லாம் இரவே படித்து வைத்திருக்கிறார். உச்சியில் எல்லோரும் ஊரைப் பார்க்க, அவர் மட்டும் சின்ன ஜன்னலில் கன்னத்தை அழுத்திப் பாலத்தைத் தேடினார்.

மாலையில் நானே தோற்று, "சரி, வாருங்கள் அப்பா" என்றேன்.

ஈட்ஸ் பாலம். 1874இல் திறந்தது. இவ்வளவு பெரிய பாலத்தை எஃகில் கட்டுவது அன்றைக்குப் புதிது. கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸ் அதற்கு முன் ஒரு பாலமும் கட்டியதில்லை. மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கை மீட்டுப் பணம் சேர்த்தவர். ஆற்றின் அடியில் நடந்து பழகியவருக்கு மணல் எப்படி அரிக்கும் என்று தெரிந்திருந்தது. அதனால் தூண்களைப் பாறை வரைக்கும் இறக்கினார்.

காற்றை அழுத்தி நிரப்பிய அறைகளுக்குள் இறங்கி வேலை செய்தவர்கள், மேலே வந்ததும் கைகால் முறுக்கிக்கொண்டு விழுந்தார்கள். சிலர் இறந்தே போனார்கள். அழுத்தம் சட்டென்று குறைந்தால் இரத்தத்தில் குமிழி உண்டாகும் என்பது அன்று சரியாக விளங்கவில்லை. அப்பா இதைச் சொல்லிவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். அவர் பார்த்த வேலைகளிலும் இப்படி ஏதேனும் நடந்திருக்கும். நான் கேட்கவில்லை.

சின்னவனுக்குப் பிடித்தது யானைதான். உறுதியில்லாத பாலத்தில் யானை கால் வைக்காது என்று மக்கள் நம்பியதால், திறப்பதற்கு முன் ஒரு யானையை நடத்திக் காட்டினார்களாம்.

"நாம் புது வீட்டுக்குள் பசுவைக் கூட்டிப்போகிறோமே, அதுபோலவா தாத்தா?"

"பசு சாணி போடும். இது சான்றிதழ் கொடுக்கும்."

ஜூன் 22

சிட்டி மியூசியம் என்ற பெயரை நம்பிக் கண்ணாடிப் பேழைகளை எதிர்பார்த்துப் போனேன். பழைய காலணி நிறுவனக் கட்டடம். உள்ளே குகைகள், கம்பிச் சுருள்கள், பத்து மாடிச் சறுக்குமரம். கூரை விளிம்பில் ஒரு பள்ளிப் பேருந்து பாதி வெளியே தொங்குகிறது. பிள்ளைகளைத் தேடித் தவழ்ந்ததில் என் இரண்டு முழங்காலும் சிராய்ந்தன. முழங்கால் உறை போட்டுக்கொண்டு வந்த தாய்மாரைப் பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது.

டெட் ட்ரூஸ் கடையில் உறைந்த கஸ்டர்ட். அதற்குக் 'கான்கிரீட்' என்று பெயர். கெட்டியென்று காட்டக் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தருகிறார்கள். ஒரு சொட்டும் விழவில்லை.

"ஸ்லம்ப் பூஜ்யம்" என்றார் அப்பா. ஈரக் கான்கிரீட் எவ்வளவு சரிகிறது என்ற அளவுதான் ஸ்லம்ப். கடைக்காரப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவர் இன்னொன்று வாங்கினார்.

திரும்பும்போது, யாரும் சொல்லாமலே என் கணவர் நெடுஞ்சாலையை விட்டு ஈட்ஸ் பாலத்துக்கு வண்டியைத் திருப்பினார். முன்சக்கரம் ஏறியதும் சின்னவன் பிளிறினான்.