ஆசிரமத்துக்கு எழுதிக் கொடுக்கும் முன்

ஆளைக் கட்டிப்போடும் ஆசிரமத்தில் முதலில் வாங்கி வைப்பது செல்போனைத்தான். மூன்று நாள் மௌனம்தானே என்று நாமும் கொடுத்துவிடுவோம். அடுத்தது சேவை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமையற்கட்டு, தோட்டம், கொட்டகை. இரவு பதினொன்று வரை சத்சங்கம். மாதக்கணக்கில் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவருக்கு எதிர்த்து யோசிக்கத் தெம்பு இருக்காது. அந்தச் சோர்வுக்கு அங்கே 'மனம் அடங்கிவிட்டது' என்று பெயர். பிறகு தனி தரிசனம். குடும்பச் சண்டை, பழைய தவறு, உடல் ஆசை எல்லாவற்றையும் குருவிடம் கொட்டச் சொல்வார்கள். விலக நினைக்கும் நாளில் அதையே சொல்லி மிரட்டுவார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். நம்பி அழுதவரின் கண்ணீரை வைத்து அவரையே கட்டிப்போடுவது கொடுமை.

சொத்து இதற்கெல்லாம் பிறகுதான் வரும். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். அதனால் பெரும்பாலும் தான செட்டில்மென்ட் பத்திரமாகவே எழுதி வாங்கப் பார்ப்பார்கள்; அது பதிவான கையோடு சொத்து கைமாறிவிடும். பத்திரத்தில் பெறுபவர் யார் என்று ஒரு வரி இருக்கும். அங்கே அறக்கட்டளையின் பெயர் இருக்கிறதா, குருவின் தம்பி பெயரா, ஏதோ ஒரு தனியார் கம்பெனியா என்று பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் அன்றே கிளம்பிவிடுங்கள். பணமாகக் கொடுப்பதானால் அறக்கட்டளை பெயருக்குக் காசோலை. ரசீதில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு 'தகாத செல்வாக்கு' பற்றியது. ஆன்ம நன்மை கிடைக்கும் என்று நம்பி ஒரு முதியவர் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிக் கொடுத்ததை, 1890-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சிஷ்யரின் மனதை ஆட்டுவிக்கும் இடத்தில் குரு இருந்து, கொடுத்ததும் பார்வைக்கே அநியாயமாக இருந்தால், மனமுவந்துதான் கொடுத்தார் என்று நிரூபிக்க வேண்டியது வாங்கியவர். பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கெடுவைத்தான்.

குழந்தைகள் விஷயத்தில் பொறுத்திருந்து பார்ப்பது என்ற பேச்சே கூடாது. திருச்சி அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவை நினைத்துப் பாருங்கள். அங்கே வளர்ந்தவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்ற பெண்கள். கேட்க ஆள் இல்லாதவர்கள். உள்ளிருந்து தப்பி வந்தவர்கள் சொல்லித்தான் 1994-ல் விஷயம் வெளியே வந்தது. பாதிக்கப்பட்ட பெண் ஒருவரின் கருவில் எடுத்த டிஎன்ஏ சோதனை வழக்கில் முக்கியச் சாட்சியமானது. 13 பெண்களைப் பலாத்காரம் செய்ததற்கும் ஒரு கொலைக்குமாக 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது; 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இன்று பராமரிப்பு தேவைப்படும் சிறுவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் இல்லம் எதுவானாலும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்ல யாரும் தயங்க வேண்டியதில்லை. 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் மறைத்தால், போக்சோ சட்டப்படி மறைத்ததே குற்றம். 'உள்விசாரணை நடக்கிறது' என்ற சமாதானம் செல்லாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே அழையுங்கள். நடந்து சில நாள்தான் ஆகிறது என்றால் உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பாலித்தீன் உறையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும்.

உள்ளே இருப்பவரின் வீட்டாருக்கு ஒன்று. போனில் குருவைத் திட்டாதீர்கள். அடுத்த அழைப்பே வராது. அம்மாவின் முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று வீட்டுக் கதை பேசுங்கள். அவருடைய ஆதார் நகல், வங்கிப் புத்தகம், கொஞ்சம் பணம் மூன்றையும் எடுத்து வைத்திருங்கள். வெளியே வரும் நாளில் பெரும்பாலும் அவர் கையில் இவை எதுவும் இருக்காது.