ஆலோசகர் வேறு, ஆப்த சமாலோசகர் வேறு

2023இல் பெங்களூரை ஒட்டிய ஒரு மாவட்டத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தோழி வாட்ஸப்பில் அறிவிப்பை அனுப்பினாள். மூன்று பணியிடம், மூன்றும் ஒப்பந்தம்: கன்சல்டன்ட், சோஷியல் ஒர்க்கர், கவுன்சிலர். முதலாவதையும் மூன்றாவதையும் தமிழில் நாம் 'ஆலோசகர்' என்றே சொல்லிவிடுகிறோம். நானும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நினைத்து கன்சல்டன்ட் விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். கன்னட அறிவிப்பைப் படித்த பிறகே விளங்கியது. அதில் கன்சல்டன்ட் 'சலஹெகாரரு'. கவுன்சிலர் 'ஆப்த சமாலோசகரு'. ஆப்த என்றால் மனசுக்கு நெருங்கிய.

தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08இல் 9 மாநிலங்களின் 18 மாவட்டங்களில் தொடங்கியது. கர்நாடகமும் அதில் உண்டு. மாநில அளவில் ஒரு பிரிவு, அங்கே திட்ட ஆலோசகரோடு சட்ட ஆலோசகரும் இருப்பார். மாவட்டத்தில் கன்சல்டன்ட் தான் திட்டம் போடுபவர். போலீஸ், கல்வித்துறை, உள்ளாட்சி எல்லோரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவதும் மேலே அறிக்கை அனுப்புவதும் அவர் வேலை. சோஷியல் ஒர்க்கர் பள்ளி, கடைத்தெரு, பஸ் ஸ்டாண்ட் என்று வெளியே அலைபவர். கவுன்சிலர் ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து, விட நினைப்பவரை விட வைப்பவர். நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவள், பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்தவள், தெருவில் நின்று பேசத் தெரியும். சோஷியல் ஒர்க்கருக்கு மாற்றி எழுதினேன்.

சான்றிதழ்தான் என்னை அலைக்கழித்தது. முன்பு வேலை பார்த்த தொண்டு நிறுவனம் கொடுத்த அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி இருந்தது, விலகிய தேதி இல்லை. என்ன வேலை செய்தேன் என்பதும் இல்லை. சரிபார்ப்பில் அதை ஏற்கவில்லை. நான்கு நாள் அவகாசம் கேட்டு, அங்கே போய் உட்கார்ந்து திருத்தி வாங்கினேன். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதை முதல் வேலையாகச் செய்துவையுங்கள். பத்தாவதில் கன்னடத்தை ஒரு பாடமாகப் படித்ததற்கான மதிப்பெண் பட்டியலையும் மறக்காதீர்கள். தமிழ்ப் பள்ளியில் படித்த என் சித்தி மகள் அதனால்தான் தடுமாறினாள்.

நேர்காணலில் ஐந்து பேர். கோட்பா என்கிற 2003ஆம் வருடப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துப் போயிருந்தேன். பள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று கேட்டார்கள். "100 மீட்டர்" என்றேன். ஒரு மேடம் பொறுமையாகத் திருத்தினார்: சட்டத்தில் அப்போது இருந்தது 100 கஜம், அதாவது 91.44 மீட்டர்; அதையும் ரோடு வளைகிற வழியில் அளக்கக் கூடாது, மதில் சுவரிலிருந்து நேராகச் சுற்றிலும் அளக்க வேண்டும். இந்தத் திருத்தம் பிறகு எனக்கு எத்தனை கடைகளில் உதவியது என்று சொல்லி முடியாது. "சுத்தி வந்தா இருநூறு மீட்டர் இருக்கும்மா" என்று சொல்லாத கடைக்காரரே இல்லை. கடைசியாக, பெட்டிக்கடைக்காரரிடம் பேசுவதுபோல் கன்னடத்தில் பேசிக் காட்டச் சொன்னார்கள். அந்த வேலையை நான் வாங்கியது அங்கேதான் என்று நம்புகிறேன்.

சேர்ந்த பிறகு பார்த்தால் மூன்றில் இரண்டு நாற்காலிதான் நிரம்பியிருந்தது. கவுன்சிலர் இடத்துக்குத் தேர்வானவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஏறக்குறைய பதினாலு மாதம் அது காலி. சோதனைக்குப் போவோம், பொது இடத்தில் புகைத்தால் அப்போது 200 ரூபாய் வரை அபராதம், கூட வரும் அதிகாரி ரசீது கிழிப்பார். கடைகளில் 60க்கு 30 சென்டிமீட்டர் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று டேப் வைத்து அளப்பேன். மாத அறிக்கை நன்றாகவே இருந்தது. 2025 மே மாதம் கர்நாடகத் திருத்தம் வந்து அபராதம் 1000 ரூபாய் வரை ஆனது, வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆனது. பழைய வயது போட்டிருந்த அந்தப் பலகைகளை எல்லாம் மாற்ற வைத்தது தனிக் கதை.

ஆனால் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில், பீடிக்காக மாட்டிய தர்மபுரிப் பக்கத்து மூட்டை தூக்கும் அண்ணன், ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கட்டிட்டேன் தாயி. பீடி குடிக்கலேன்னா கை நடுங்குது, அதுக்கு எங்க போறது?"

என் அப்பா முப்பது வருஷம் வெற்றிலையோடு புகையிலை போட்டவர். வாய் முழுக்கத் திறக்க முடியாமல் போன பிறகுதான் நிறுத்தினார். அவரும் இதையேதான் கேட்டிருப்பார், கேட்க ஆள் இருந்திருந்தால். அந்த அண்ணனிடம் என்ன சொல்வேன்? பீடிப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், புகையிலையை விட உதவும் 1800-11-2356 எண்ணை அங்கேயே என் போனில் போட்டுக் கொடுத்தேன். தென் மாநில மொழிகளுக்கு பெங்களூர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸிலிருந்து பேசுகிறார்கள், தமிழிலும் பேசுவார்கள். பேசினார். ஆனால் எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச ஆள் வேண்டும் என்று அன்று ராத்திரியே கன்சல்டன்ட் சாருக்கு நீளமாக எழுதினேன். அதன்பின் ஒவ்வொரு மாத அறிக்கையிலும் அந்தக் காலியிடத்தை முதல் வரியாக வைத்தோம்.

மறு அறிவிப்பில் கவுன்சிலராக வந்தவர் கோலார் தங்கவயல் பொண்ணு, உளவியல் படித்தவர், தமிழும் கன்னடமும் ஒரே ஓட்டமாகப் பேசுவார். முதல் வாரமே அந்த அண்ணனைக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். சட்டம், அபராதம், புற்றுநோய் எதையும் கவுன்சிலர் எடுக்கவில்லை.

"காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் பீடி, அண்ணா?"

"கண்ணு முழிச்சதும் பத்த வெச்சிருவேன் தாயி."

அதைக் குறித்துக்கொண்டு, நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.