கொக்கி எதில் மாட்டியிருக்கிறது?

கூரையில் சோலார் பேனல் மாட்டும் எங்கள் தொழிலில் காலை வேலை போட்டோவில்தான் தொடங்கும். ஏணியைச் சாத்தியதும் நான்கு பேரையும் வரிசையாக நிற்க வைப்பேன். ஹெல்மெட், விழாமல் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட், ஷூ எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு படம். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் "ஓகே" என்று பதில் வரும். மேலே ஏறிய பத்து நிமிடத்தில் பெல்ட்டுகள் தண்ணீர்த் தொட்டி மேல் கிடக்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அதற்கு "போட்டோ பெல்ட்" என்று பெயரே வைத்திருந்தோம். கோவை, திருப்பூர்ப் பக்கம் இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடம் இப்படித்தான் ஓடியது.

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தரையிலிருந்து 14 அடி. வெளிச்சத்துக்காக நடுநடுவே ஃபைபரில் லைட் ஷீட் போட்டிருந்தார்கள். புதிதில் அது பளிச்சென்று தனியாகத் தெரியும். பத்து வருட வெயில் தின்று, மேலே புழுதியும் அடியில் பஞ்சும் படிந்துவிட்டால், பக்கத்து ஷீட் எது, இது எது என்று சொல்ல முடியாது. "போல்ட் வரிசை மேலேயே கால் வைங்க" என்பதுதான் அந்தக் கூரைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே பாடம். போல்ட் இருக்கிற இடத்தில் அடியில் இரும்பு ஓடும் என்கிற நம்பிக்கை. ஒடிசாவிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன பையன் ஒருவன், தோளில் பேனலைத் தாங்கும் அலுமினிய ரெயிலோடு, எதிரில் வருகிறவனுக்கு வழிவிடப் பின்பக்கமாக ஓர் எட்டு வைத்தான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு தறிகளுக்கு நடுவில் விழுந்திருந்தான். இரண்டு குதிகாலும் உடைந்து, இடுப்பெலும்பிலும் விரிசல். நான் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது ரத்தமல்ல, பெல்ட். அன்றைக்கு முதலாளி வருவதாக யாரோ சொன்னதால் அவன் கழற்றவில்லை. கயிறு இடுப்பைச் சுற்றி நேர்த்தியாகச் சுருட்டியிருந்தது. கூரையில் உறுதியான எதிலாவது மாட்டியிருக்க வேண்டிய கயிற்று முனைக் கொக்கி, அவன் பெல்ட்டின் வளையத்திலேயே மாட்டியிருந்தது.

விபத்து அறிக்கையோடு காலையில் எடுத்த போட்டோவையும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். படத்தில் ஒரு குறையும் இல்லை. ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"பின்னாடி போகாதே" என்று நான் கத்தியது அவனுக்குப் புரிந்திருக்குமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். தினமும் காலையில் ஐந்து நிமிடம் தமிழில் பாதுகாப்புப் பேச்சு. அவன் தலையாட்டுவான். பெல்ட்டில் தைத்த துணியில் எச்சரிக்கை ஆங்கிலத்தில். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். இப்போது இந்தியில் "பீச்சே மத் ஜானா" என்று எனக்கு வாய் பழகிவிட்டது. அதைப் படிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை.

அதன்பிறகு ஒரு பயிற்சிக்குப் போனேன். கொக்கியைச் சரியாக மாட்டியிருந்தால் அவன் தப்பித்திருப்பான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். கயிறு 1.8 மீட்டர். விழும் வேகத்தை வாங்க அதிலுள்ள மடிப்பு பிரிந்து கிட்டத்தட்ட 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். அதற்கும் கீழே ஒரு மீட்டராவது மிச்சம் வேண்டும். கூட்டினால் 6 மீட்டர், அதாவது 20 அடி. எங்கள் கூடமோ 14 அடி. காலடியில் கொக்கியை மாட்டியிருந்தாலும் கயிறு அவனைப் பிடித்து நிறுத்துமுன் தரை வந்திருக்கலாம். அந்த மாதிரிக் கூரையில் விழுந்தபின் பிடிக்கிற கயிறு உதவாது. ஓட்டை வரைக்கும் ஆளைப் போகவே விடாத அளவுக்குக் கயிற்றைக் கட்டையாக வைக்க வேண்டும், நடக்கப் பலகை போட வேண்டும், லைட் ஷீட்டுக்கு அடியில் வலை கட்ட வேண்டும். அன்றைக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இப்போது எங்கள் குழு ஆஸ்பெஸ்டாஸ் மேல் ஏறுவதில்லை. தகரக் கூரையாக மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுகிறோம். அதனால் கைவிட்டுப் போன வேலைகளும் உண்டு.

தொழிற்கூடத்தை விட வீட்டு மாடி பத்திரம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றானதும் வீட்டு வேலைகள் குவிந்தன. நம் ஊரில் மொட்டை மாடி சும்மா கிடக்கிற இடமல்ல. துணி காய வேண்டும், வடகம் காய வேண்டும், ராத்திரி காற்றாட உட்கார வேண்டும். அதனால் "எட்டடி உயரத்துல தூக்கிப் போட்டுருங்க" என்பார்கள். இடத்தை மிச்சப்படுத்த பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டமான ஸ்ட்ரக்சரின் கால்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டியே நிற்கும். கடைசி வரிசை பேனலுக்குக் கிளாம்ப் முடுக்குகிறவன் அந்த எட்டடிக்கு மேல் உட்கார்ந்திருப்பான். மூன்றடிச் சுவர் அவன் பாதத்துக்கும் கீழே எங்கோ இருக்கும். உள்பக்கம் சாய்ந்தால் எட்டடி. வெளிப்பக்கம் சாய்ந்தால் வீட்டின் முழு உயரமும் கூடச் சேரும். இரண்டு மாடி வீட்டில் அது முப்பதடிக்கு அருகே. கொக்கியை எதில் மாட்டுவான்? அரை மணி நேரம் முன்னால் நாங்களே நட்ட, காங்கிரீட்டில் போல்ட்டைப் பிடிக்கும் கெமிக்கல் பசை இன்னும் இறுகாத காலில்தான்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு 540 வாட் பேனல் ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, எடை 28 கிலோ பக்கம். இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதன் முகத்தில் நேராக அடித்தால் 20 கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் தள்ளும், அதுவும் விட்டுவிட்டு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் பேனல் எம்மாத்திரம். கொடியில் காயும் துணி படுக்கை மட்டத்துக்கு எழும்பினால் பேனல் தூக்குவதை நிறுத்திவிடுவோம். கருவி எதுவும் வேண்டாம்.

சந்து வீடுகளில் மின்கம்பி. 11 கிலோவோல்ட் கம்பி கட்டிடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. விதிப்படியே இருந்தாலும், 14 அடி அலுமினிய ரெயிலைத் தோளில் வைத்து ஒருவன் திரும்பினால் அந்த 1.2 மீட்டர் போன இடம் தெரியாது. ரெயிலை மாடிப்படி வழியாகத்தான் ஏற்றுவோம். சுவரில் கீறல் விழுகிறது என்று வீட்டுக்காரர் திட்டினாலும் சரி.

மின்சாரத்தில் எனக்குப் பயம் அனுபவமில்லாத பையன்களைப் பற்றி அல்ல. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இருபது வருடம் வயரிங் பார்த்த எலக்ட்ரீஷியன்தான் பயம். ஒரு வீட்டில் அப்படி ஒருவர், மெயினை அணைத்தாயிற்று என்ற தைரியத்தில், பேனலிலிருந்து இறங்கிய ஒயரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. "கரண்ட் இல்லீங்க தம்பி" என்று இரண்டு முனைகளையும் கையில் எடுக்கப் போனார். நல்லவேளை பக்கத்தில் இருந்தேன், தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். மீட்டரை வைத்துக் காட்டினேன். ஆறு பேனல் தொடர், 290 வோல்ட். அந்த டெஸ்டர் விளக்கு நம் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும் மின்சாரத்தில் எரிவது. பேனல் தொடரின் எந்த முனையும் மண்ணோடு சேர்ந்திருக்காது, அதனால் ஒற்றை முனையைத் தொட்டால் எரியாமலே போகலாம். மெயினை அணைத்தால், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் நிற்கும், பேனல் நிற்காது. வெயில் இருக்கிறவரை அதற்கு சுவிட்ச் கிடையாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது, பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.ஃபோர் கனெக்டரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது கட்டைவிரல் சாட்சி. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் பொறி தானே அணைய வாய்ப்புண்டு. பேனலிலிருந்து வரும் டி.சி. ஒரே திசையில் ஓடுவது, அதற்கு அந்த இடைவெளி இல்லை, முனைகளைப் பிரிக்கப் பிரிக்கத் தீ கூடவே நீண்டுகொண்டு வரும். ஃபேக்டரிக் கூரையில் 18 பேனலைத் தொடராகச் சேர்த்தால் 900 வோல்ட்டை நெருங்கும். அங்கே கட்டைவிரலோடு போயிருக்காது.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஏன் பெல்ட் தொட்டி மேல் கிடக்கிறது என்று கேட்டால், கூலி கிலோவாட் கணக்கு. இத்தனை கிலோவாட் முடித்தால் இத்தனை ரூபாய். கொக்கியைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போகும், அது அவர்கள் சாப்பாட்டில் போகும். கட்டிடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் 10 பேராவது வேலை செய்கிற இடத்துக்கானதாகவே இருந்தது. நாங்கள் ஏணியில் ஏறுவதே நான்கு பேர். பையன்களைச் சோம்பேறி, அலட்சியக்காரன் என்று நானும் திட்டியிருக்கிறேன். இப்போது என் குழுவுக்கு நாள் கூலி என்று மாற்றியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் சொல்லும் தொகை அதனால் ஏறிவிட்டது. பக்கத்துத் தெருவில் நாலாயிரம் குறைவாகச் சொல்கிறார்களே என்பார்கள். அந்த நாலாயிரம் எதில் குறைந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் வியாபாரத் தந்திரம் என்று நினைப்பார்கள்.

போன மாதம் சூலூரில் ஒரு வீடு. புதிதாகச் சேர்ந்த பையன், பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "இத எங்கண்ணா மாட்டறது?" ஒன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மாடித் தரையைத் துளைத்து, கொக்கி மாட்ட ஒரு பிடிமானம் (ஆங்கர்) அடிக்கலாம் என்று டிரில்லை எடுத்தேன். அந்த வீட்டு அம்மா ஓடி வந்தார். "ஏனுங் தம்பி, போன மாசந்தான் ஓடு பதிச்சோம். ஓட்டை போட்டா மழைக்கு ஒழுகாதுங்களா?" அவர் கேட்பதும் நியாயம்தான். கடைசியில் தொட்டியைத் தாங்கும் காங்கிரீட் தூணைச் சுற்றிப் பட்டைக் கயிற்றைப் போட்டு, அதிலிருந்து ஓரம் வரை அளந்து, கயிற்றை ஓரடி குறைத்துக் கட்டினோம். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார்.

அன்றைக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தவில்லை. தூணில் மாட்டிய கொக்கியை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஆள் யாரும் தெரியலை. திரும்ப எடுத்து அனுப்பவும்."