உணவு வங்கி: பொருள் வந்த பிறகுதான் வேலையே

நன்கொடையாக வரும் உணவைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் உணவு வங்கியை நடத்துவதில் பொருள் திரட்டுவதுதான் சிரமம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் பொருள் எப்படியும் வந்துவிடும். அது கெடாமல், வாங்கும் வீட்டில் சமைத்துச் சாப்பிடக் கூடிய விதத்தில் போய்ச் சேர வேண்டும். கவனம் முழுக்க அங்கேதான் தேவை.

1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் உணவு வங்கி என்ற ஏற்பாட்டைத் தொடங்கியதே, வீணாகப் போகவிருந்த நல்ல உணவைச் சேர்த்துக் கொடுக்கத்தான். இன்றும் கடைகளிலிருந்து வருவதில் பெரும்பகுதி தேதி நெருங்கிய பொருள்தான். அதனால் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்றிருந்தால், தேதி தாண்டியதைக் கொடுக்கவே கூடாது. ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்பது சுவையையும் தரத்தையும் பற்றியது. உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால், உறை பிரியாத உலர் பொருளைச் சில நாள் கழித்தும் கொடுக்கலாம். குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. தேதி முடிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

டின்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மூடியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ‘டொக்’ என்று உள்ளே போய்த் திரும்ப எழும்பினால் அது வேண்டாம். உப்பியது, கசிவது, மூடியும் டின்னும் இணையும் விளிம்பில் நசுங்கியது ஆகியவையும் கழிவுதான். கெட்ட டின்னுக்குள் கிருமி உண்டாக்கும் உயிர்கொல்லியான போட்டுலிசம் நச்சு இருந்தால் முகர்ந்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது. எனவே திறந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று யாரையும் விடாதீர்கள். நடுப்பகுதியில் லேசாக நெளிந்த டின் பரவாயில்லை.

தானிய மூட்டையின் மூலைகளில் மெல்லிய நூலாம்படை போலத் தெரிந்தால் அந்துப்பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மூட்டையை உடனே தனியாக எடுத்து வைக்காவிட்டால் அடுக்கு முழுவதும் பரவிவிடும். எல்லா மூட்டையும் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். சோப்பு, பினாயில் நன்கொடையாக வந்தால் வேறு அறைக்குப் போகட்டும், வாசனை மாவில் ஏறிவிடும். பெட்டியின் முகப்பில் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். புதிதாக வந்ததை அவசரத்தில் முன்னால் அடுக்கிவிடுவதால்தான் பின்னால் இருப்பது தேதி தாண்டிப் போகிறது.

சமைத்த உணவு வாங்குவதானால், சூடானது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும் குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்கிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள். இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை வாங்காதீர்கள். கொடுப்பவர் மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம்.

பை கட்டும் முன் குடும்பத்திடம் சில கேள்விகள் கேட்டே ஆக வேண்டும். எத்தனை பேர்? கைக்குழந்தை உண்டா? சர்க்கரை நோயாளி, ஒவ்வாமை உள்ளவர் உண்டா? அடுப்பும் எரிபொருளும் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுப்பில்லாத வீட்டுக்குப் பருப்பு மூட்டை போய் என்ன பயன்? வருமானச் சான்று, முகவரிச் சான்று என்று அடுக்கிக் கேட்டால், மிகவும் தேவைப்படுகிறவர்தான் முதலில் திரும்பிப் போவார்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 350 கிராம், பருப்பு 75 கிராம், எண்ணெய் 25 மி.லி. என்பது எங்கள் கணக்கு. சிறு குழந்தைக்குப் பாதி. அப்படிப் பார்த்தால் இரு பெரியவர், இரு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய ஏழரை கிலோ தானியம், ஒன்றரை கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய். காய்கறி, பழம் தனி. இவ்வளவையும் ஒரே பையில் கட்டினால் பிடி அறுந்துவிடும், இரண்டாகப் பிரியுங்கள். எண்ணெயைத் தனி உறையில் நிமிர்த்தி வையுங்கள்.

மொத்த மூட்டையைப் பிரித்துச் சிறு பொட்டலம் போடும்போது பெயர், தேதி, சேர்மானம், தொகுதி எண் (மூட்டையில் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் ‘பேட்ச் நம்பர்’) நான்கையும் ஒட்ட வேண்டும். சேர்மானம் தெரியாவிட்டால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து. தொகுதி எண்ணை எந்தக் குடும்பத்துக்குப் போனது என்பதோடு பதிவேட்டிலும் எழுதுங்கள். தயாரிப்பாளர் ஒரு சரக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், அன்றைக்கே யாருக்கெல்லாம் போன் செய்ய வேண்டும் என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.